டிரஸ்ஸரைக் கேளுங்கள்: மாத்திரை சில நாள் கேட்குது, சில நாள் கேட்கலையே!

கேள்வி: எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வலது கை நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்ததால் வரும் பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். மடோபார் மாத்திரை சில நாள் நன்றாகக் கேட்கிறது, சில நாள் கேட்பதே இல்லை. டோபமினையே ஊசியாகப் போட்டால் என்ன? பக்கத்து வீட்டு அக்கா வேறு, செம்பனைக் காட்டில் படரும் கொடியை அவித்துக் குடிக்கச் சொல்கிறார்.
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அம்மா மாத்திரையை எப்போது போடுகிறார்? அரைவேக்காட்டு முட்டையும் மைலோவுமாகப் பசியாறிய கையோடுதானே? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது டாக்டரின் உதவியாளராக, வேலை பார்த்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சின்னத் திட்டு உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் (நரம்பு செல்கள்) டோபமினைத் தயாரித்து, நுண்ணிய பைகளில் அடைத்து, நரம்பு நுனியில் வைத்திருக்கும். மின்துடிப்பு வந்ததும் நுனிக்குள் கால்சியம் பாயும், பைகள் திறந்து டோபமின் வெளியே கொட்டும். சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் ஒட்டும். மிச்சத்தை முதல் அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ரவிக்கைக் கொக்கி மாட்டுவது, வெற்றிலை மடிப்பது எல்லாம் தடங்கலில்லாமல் நடப்பது இதனால்தான். அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதே அம்மாவின் நோய்.

டோபமின் ஊசி இருக்கிறது. ரத்த அழுத்தம் படுத்துவிட்டவர்களுக்கு ஐசியூவில் ஏற்றுவார்கள். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதற்கு முந்தைய கட்டப் பொருளான லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். மடோபாரில் இருப்பது அதுதான். கூடவே உள்ள பென்செராசைட், வழியிலேயே அது மாறிவிடாமல் தடுக்கும். 1957-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், மூளையின் டோபமினைக் காலிசெய்யும் ரிசர்பின் மருந்தைக் கொடுத்து முயல்களை அசைவற்றுக் கிடக்கச் செய்தார். லெவோடோபா ஊசி போட்டதும் அவை எழுந்து நடமாடின. அந்த ரிசர்பின் நம்ம சர்ப்பகந்தாச் செடியின் சரக்கு! 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி முட்டைக்கு வருவோம். மூளை வாசலில் லெவோடோபாவை உள்ளே விடும் ஜாகா, அதாவது காவலாளிதான் புரதத்தின் அமினோ அமிலங்களையும் விடுகிறார். குடலிலும் இதே கதை. பசியாறியவுடன் அந்தக் கூட்டம் முண்டியடித்தால் மருந்து வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் வெறும் தண்ணீரில் மாத்திரையைக் கொடுங்கள். அதற்காக முட்டை, மீனை நிறுத்திவிடாதீர்கள், உடம்பு கரைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். வாந்தி என்று கிளினிக்குப் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், டோபமின் ஏற்பியையே அடைத்துவிடும். நடுக்கம் கூடும்.

கொடி விஷயம். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. செம்பனைக்கு அடியில் மூடுபயிராகப் போடும் முகூனா பிராக்டியாட்டா அதன் பங்காளிதான், ஆனால் வேறு செடி. எதுவானாலும், அவித்த தண்ணியில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று அந்த அக்காவுக்குத் தெரியுமா? மாத்திரையோடு சேர்ந்து அளவு மிஞ்சினால் கைகால் தானாக நெளிய ஆரம்பிக்கும். வேண்டாம்.

கேள்வி: டோபமின் என்றால் சந்தோஷ ரசாயனம் என்கிறார்களே? அப்படியானால் பார்க்கின்சன் மாத்திரை போட்டால் சந்தோஷம் வருமா?
- ஒரு கல்லூரி மாணவர், கூலிம்

பதில்: வராது, தம்பி. ஒரே ரசாயனம்தான், போகும் பாதையைப் பொறுத்து வேலை மாறும். கை கால் அசைவுக்கு ஒரு பாதை. 'இது வேண்டும், இன்னொரு தரம் வேண்டும்' என்று தூண்டுவதற்கு வேறொரு பாதை. மாத்திரைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரமிபெக்சோல் மாதிரியான, ஏற்பியை நேராகத் தட்டும் மருந்துகளில் சிலருக்குச் சூதாட்ட வெறியே வருவதுண்டு. வீட்டுப் பெரியவர் இந்த மருந்தை ஆரம்பித்த பிறகு தினம் நாலு நம்பர் லாட்டரி எடுக்க ஓடினால், திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.