எலக்ட்ரானிக் தராசும் எடைக்கல்லும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, மளிகைக் கடையில் 30 கிலோ தராசு. பழைய இரும்பு 5 கிலோ கல்லை வைத்தால் 4.985 காட்டுகிறது. அந்தக் கல்லை வைத்தே கேலிப்ரேட் பண்ணிடலாமா?

பதில்: வேண்டாம். கேலிப்ரேட் என்பது தெரிந்த எடையை வைத்துத் தராசு காட்டும் எண்ணைச் சரிசெய்வது, அதனால் தராசைச் சந்தேகப்படும் முன் கல்லைச் சந்தேகப்படுங்கள். கல்லைத் திருப்பி, குழியில் அடைத்த ஈயம் முழுசாக இருக்கிறதா, அதன்மேல் அரசின் எடையளவுத் துறை முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள். ஈயம் கழன்றோ துரு உதிர்ந்தோ போயிருந்தால் அந்த 15 கிராம் கல்லிலேயே குறைந்திருக்கலாம், அதை வைத்து கேலிப்ரேட் செய்தால் 4.985 கிலோ அரிசியை இனி உங்கள் தராசு 5 கிலோ என்று காட்டும், வாங்குகிறவருக்கு ஒவ்வொரு முறையும் நட்டம். எம்1 வகுப்புக் கல் (துல்லியத்தின்படி எடைக்கற்களுக்குத் தரும் வகுப்புகளில் ஒன்று) கடன் வாங்கிச் சோதியுங்கள், 5 கிலோவில் அதற்கு அனுமதித்த பிழையே 250 மில்லிகிராம்தான். அப்புறம், முத்திரையிட்ட கடைத் தராசை நாமே திறக்கக் கூடாது. உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, சரிசெய்ததும் மறுமுத்திரை வாங்க வேண்டும். எப்படியும் எலக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் முத்திரை உண்டு.

கேள்வி: எத்தனை கிராம் தப்பினால் பரவாயில்லை?

பதில்: 5 கிராம் பிரிவு உள்ள, அதாவது 5 கிராம் 5 கிராமாக ஏறிக் காட்டும் கடைத் தராசென்றால், முத்திரையிடும்போது 2.5 கிலோ வரை 2.5 கிராம், 10 கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 7.5 கிராம்.

கேள்வி: நடுவில் வைத்தால் சரி, ஓரத்தில் வைத்தால் வேறு எடை. கேலிப்ரேட் செய்தும் போகவில்லை சார்.

பதில்: போகாது, அது மூலை எடைக் கோளாறு. 30 கிலோ தராசென்றால் 10 கிலோவை நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தட்டைத் தூக்கிப் பாருங்கள். லோடு செல் என்பது ஒரு அலுமினியக் கட்டைதான், எடை ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், அந்த வளைவைத்தான் மின்சுற்று எடையாக மாற்றுகிறது. கட்டைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒரு உளுந்து சிக்கினாலே போதும், வளைவு தடைபட்டு எடை குறையும். சுத்தம் செய்து, திருகுகளையும் பார்த்த பிறகும் மாறவில்லை என்றால், யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டதில் செல்லே வளைந்திருக்கும். மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: வீட்டில் கேக் செய்கிறேன். 5 கிலோ கிச்சன் தராசுக்கு நாணயம் வைத்துச் சோதிக்கலாமா?

பதில்: சோதிக்கலாம், கேலிப்ரேட் செய்யக் கூடாது. 2019இல் வந்த புது வரிசை 10 ரூபாய் நாணயம் 7.74 கிராம், பத்து வைத்தால் 77 காட்ட வேண்டும். கேலிப்ரேட் செய்ய நல்ல எடைக்கல் ஒன்று வாங்கிவிடுங்கள். பேட்டரியை மாற்றி, ஆடாத மேசையில் வைத்து, பூஜ்யம் வந்ததும் 'கேல்' பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓர் எண் வரும், அதே எடையை நடுவில் வைத்து, எண் நிலைக்கும்வரை கை படாமல் விடுங்கள். முடிந்ததும் பாதி எடையிலும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: நகைத் தராசில் மில்லிகிராம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், தராசின் கண்ணாடிக் கூட்டை மூடுங்கள், அரை மணி நேரம் ஆன் செய்து விடுங்கள். சோதிக்கும் கல்லையும் கவனியுங்கள்: எம்1-ஐ விடத் துல்லியமான எஃப்1 வகுப்பு 200 கிராம் கல்லுக்கு அனுமதித்த பிழையே 1 மில்லிகிராம்தான், அதனால் அந்தக் கல்லை விரலால் தொடாதீர்கள்.

கேள்வி: டெல்லியில் வாங்கிய தராசு, நாகர்கோவிலில் 10 கிலோவுக்கு 10 கிராம் குறைக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அப்படி நினைக்க வேண்டாம். டெல்லியைவிட அங்கே புவியீர்ப்பு சுமார் 0.1 சதவீதம் குறைவு, உங்கள் கணக்கும் அதுவேதான். பழைய தட்டுத் தராசில் கல்லையும் சரக்கையும் பூமி ஒரே மாதிரி இழுப்பதால் இந்தத் தொல்லை இல்லை, லோடு செல்லோ இழுவிசையை மட்டும்தான் அறியும். கடைக்கென்றால் உள்ளூர்ப் பழுதுபார்ப்பவரை வைத்து அங்கேயே கேலிப்ரேட் செய்து முத்திரை வாங்குங்கள்.