'கெற்': பின்னால் என்ன வருகிறது?

கடிதம்:

வணக்கம் ஐயா. கிளிநொச்சியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'கெற்' (get) என்ற வினைச்சொல்லுக்கு 'பெறுதல்' என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். 'இற் இஸ் கெற்றிங் டார்க்' என்ற வசனம் வந்தபோது, "இருட்டு எதைப் பெறுது ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அகராதியிலோ பக்கம் பக்கமாய்க் கருத்துக் கிடக்கிறது. எதை முதலில் படிப்பிக்கிறது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. கருத்துகளைப் பாடமாக்கக் கொடுக்காதீர்கள். 'கெற்'றுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். அதுதான் கருத்தைத் தீர்மானிக்கிறது.

பெயர்ச்சொல் வந்தால் கிடைத்தல் அல்லது வாங்குதல். 'ஐ கொற் எ லெற்றர்': எனக்குக் கடிதம் கிடைத்தது ('கொற்' என்பது 'கெற்'றின் இறந்தகால வடிவம்).

பெயரடை வந்தால் நிலை மாறுதல். இதை முதலில் எடுங்கள். 'இரணைமடு இஸ் ஃபுல்' என்றால் குளம் நிரம்பி இருக்கிறது. 'இரணைமடு இஸ் கெற்றிங் ஃபுல்' என்றால் நிரம்பி வருகிறது, இன்னும் வான் பாயவில்லை, அதாவது நிரம்பி வழியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் 'கெற்றிங் டார்க்' தானாக விளங்கும்: இருட்டுப்பட்டு வருகிறது. அந்த 'இற்' எழுவாயின் இடத்தை நிரப்ப மட்டுமே நிற்கிறது, எதையும் பெறவில்லை.

இடம் வந்தால் போய்ச் சேருதல். 'கெற் ரு மாங்குளம்' சரி. 'ஹோம்', 'ஹியர்', 'தெயார்' வந்தால் 'ரு' வராது. 'ரீச்' என்று எழுதினால் எந்த ஊருக்கும் 'ரு' வேண்டாம். 'ரீச்ட் ரு மாங்குளம்' பிழை.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வேறு ஆளைக்கொண்டு செய்விக்கிற வேலையில். சலூனுக்குப் போய் வந்தாலும் தமிழில் 'தலைமயிர் வெட்டினேன்' என்றுதான் சொல்கிறோம். அதை 'ஐ கற் மை ஹெயார்' என்று எழுதினால், தானே கத்தரிக்கோல் பிடித்து வெட்டியதாகத்தான் வாசிப்பவர் எடுப்பார். எழுத வேண்டியது 'ஐ கொற் மை ஹெயார் கற்'. ஆனால் இந்த வசனத்தோடு பாடத்தைத் தொடங்க வேண்டாம். 'கற்' என்ற வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம், மூன்றாம் வடிவம் மூன்றும் 'கற்'தான், அதனால் கடைசியில் நிற்பது வினையின் மூன்றாம் வடிவம் என்பது கண்ணுக்குத் தெரியாது. 'வீ கொற் த வோட்டர் பம்ப் ரிப்பெயார்ட்' என்று தொடங்குங்கள். முதலில் 'கொற்', பிறகு பொருள், அதன் பின் மூன்றாம் வடிவம். 'கொற் ரிப்பெயார்ட் த பம்ப்' என்று இடம் மாற்றினால் வசனம் உடைந்துவிடும்.

திருத்தியவரையும் சொல்ல வேண்டுமென்றால் அமைப்பு மாறும்: 'வீ கொற் த மெக்கானிக் ரு ரிப்பெயார் த பம்ப்'. இங்கே 'ரு' கட்டாயம். 'ஹாட்' போட்டால் 'ரு' போய்விடும்: 'வீ ஹாட் த மெக்கானிக் ரிப்பெயார் த பம்ப்'. 'கொற்' என்னும்போது ஆளைக் கேட்டு, இணங்க வைத்துச் செய்வித்த சாயல் இருக்கும்.

பஸ்ஸால் இறங்குவதற்கு நாங்கள் 'கெற் டவுன்' என்கிறோம். இலங்கையில் எல்லாருக்கும் விளங்கும், பிரித்தானிய வழக்கு 'கெற் ஓஃப்'. பஸ், ரெயின், மோட்டார் சைக்கிளுக்கு 'ஒன்', 'ஓஃப்'. குனிந்து உள்ளே போய் இருக்கிற கார், ஓட்டோவுக்கு 'இன்', 'அவுற்'. கொழும்பிலிருந்து சாமான் வரவழைப்பதையும் 'கெற் டவுன்' என்பது எங்கள் நாட்டு வழக்கு. வெளிநாட்டுக்கு எழுதும்போது 'ஓடர்' என்று போடுவது நல்லது.

'வீ ஹாவ் கொற் எ கௌ' என்றால் எங்களிடம் மாடு இருக்கிறது, அவ்வளவுதான். முன்பு இருந்தது என்றால் 'வீ ஹாட் எ கௌ'.

விண்ணப்பக் கடிதங்களில் 'கெற்'றைக் குறைக்கச் சொல்லுங்கள். அங்கே 'ரிசீவ்', 'ஒப்ரெயின்', 'பிகம்' பொருந்தும். அமெரிக்கப் படம் பார்க்கிற பிள்ளை 'கொற்றன்' என்று எழுதினால் அது அமெரிக்க வழக்கில் சரியான வடிவம் என்பதையும் சொல்லி, எங்கள் பாடப்புத்தகத்துக்கு 'கொற்' போதும் என்று திருத்துங்கள்.