தொற்று பரவினால் லீக்கை எப்போது நிறுத்துவது?

கேள்வி: காரைக்குடியில் கோடை விடுமுறையில் 12 அணிகள் ஆடும் கிரிக்கெட் லீக் நடத்துகிறோம். புதுக்கோட்டை, திருப்பத்தூரிலிருந்தும் அணிகள் வந்து தங்கி ஆடும். மறுபடி கொரோனா போல ஒன்று வந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும்? பெரிய லீக்குகள் எப்படி முடிவெடுத்தன?

பதில்: பல சமயம் முடிவு அவர்கள் கையிலேயே இருக்கவில்லை. 2020 ஐபிஎல் மார்ச் 29-ல் தொடங்குவதாக இருந்தது. அரசு ஏப்ரல் 15 வரை விசாக்களை நிறுத்தியதும் வெளிநாட்டு வீரர்கள் வர வழியில்லை; போட்டியும் தள்ளிப்போனது. உங்களுக்கும் அப்படித்தான். மாவட்ட ஆட்சியர் தடை போட்டுவிட்டால் கமிட்டி கூடிப் பேச ஒன்றுமில்லை.

அனுமதி இருக்கும்போதுதான் சிக்கல். 2021 மே 3 அன்று கொல்கத்தா வீரர்கள் இருவருக்குத் தொற்று என்றதும் ஐபிஎல் அன்றைய ஒரு ஆட்டத்தை மட்டும் தள்ளிவைத்தது. மறுநாள் ஹைதராபாத், டெல்லி அணிகளிலும் தொற்று தெரியவர, 29 ஆட்டங்களோடு தொடரே நின்றது. கவனிக்க வேண்டியது எத்தனை பேருக்கு என்பதைவிட எத்தனை அணிகளில் என்பதைத்தான். ஒரு அணி என்றால் அட்டவணையை மாற்றிச் சமாளிக்கலாம். இரண்டு மூன்று அணிகளுக்குப் போய்விட்டால், அவர்களோடு ஆடியவர்களும் ஒதுங்க வேண்டும். அப்புறம் ஆட யார் இருப்பார்கள்? அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. 2020 மார்ச் 11-ல் ரூடி கோபேர் என்ற ஒரே வீரருக்கு உறுதியானதும் அன்றிரவே சீசனை நிறுத்தியது. நோயைப் பற்றி அதிகம் தெரியாத நேரத்தில் அதுவே சரி.

ஒரு ஆட்டத்தைத் தள்ளிவைக்க எண்ணிக்கை விதி உதவும். 2021 டிசம்பரில் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கில் ஒரு கோல்கீப்பரும் மற்ற வீரர்கள் 13 பேரும் தேறினால் ஆடியே தீர வேண்டும் என்று விதி இருந்தது. நீங்கள் 15 பேரைப் பதிவு செய்தால், 11 பேர் தேறாத ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள். அதற்குத் தோல்வி கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஆட வருவார்கள்.

மைதானத்தைவிட எனக்குப் பயம் தங்குமிடத்தில்தான். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துக் காற்று நன்றாகவே வரும். அதற்காக ஒரே ஹாலில் நான்கு அணிகளுக்குப் பாய் விரிக்கக் கூடாது. வெளியூர் ஆட்டங்களை வந்து ஆடிவிட்டு அன்றே திரும்பும்படி வையுங்கள்.

பணம்தான் முடிவைத் தாமதப்படுத்தும். 2020-ல் விம்பிள்டன் சீக்கிரமே ரத்தானதற்குத் தொற்றுநோய்க் காப்பீடு கையில் இருந்தது ஒரு காரணம். உங்களிடம் இருப்பது நகைக்கடை ஸ்பான்சர். அதனால் நிறுத்தும் அதிகாரத்தை ஸ்பான்சரோடு பேசுபவரிடம் மட்டும் விடாதீர்கள். மூன்று பேர் குழு போதும். ஒருவர் உள்ளூர் மருத்துவர், அவர் 'வேண்டாம்' என்றால் அதுவே முடிவு. ஆடாத ஆட்டங்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு திருப்புவீர்கள், பாதியில் நின்றால் பரிசுத்தொகை யாருக்கு என்பதையும் எழுதி, கட்டணம் வாங்கும்போதே கேப்டன்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.