ஃப்ளேமிங் லிப்ஸ் மாதிரி சைகடெலிக் ராக் பேண்டுகள் ஆரம்ப காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

கேள்வியைப் பார்த்தால் ராஜினாமா மெயிலை டிராஃப்டில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருக்கிறது. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி வைத்திருந்தவன், அதனால்தான்.

மீன் வறுத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சைகடெலிக் என்றால் கனவில் மிதக்கிற மாதிரி விநோதச் சத்தங்கள் கலந்த ராக். அந்த வகையில் ஃப்ளேமிங் லிப்ஸ் என்ற அமெரிக்க பேண்டின் பாடகர் வெய்ன் காய்ன், ஓக்லஹோமா சிட்டியில் லாங் ஜான் சில்வர்ஸ் என்ற மீன் வறுவல் கடையில் பத்து வருடத்துக்கு மேல் கொதிக்கிற எண்ணெய் முன்னால் நின்றவர். சின்ன வயதில் அதே கடையில் துப்பாக்கியோடு கொள்ளைக்காரர்கள் நுழைந்து எல்லாரையும் தரையில் படுக்கவைத்தார்கள். அதற்குப் பிறகும் வேலைக்குப் போனார்.

பேண்ட் ஆரம்பித்தது 1983இல். முதலில் பாடியது அவர் இல்லை, சகோதரர் மார்க். 1984இல் ஒரு இ.பி.யை (சில பாட்டுகள் மட்டும் உள்ள குட்டி ஆல்பம்) தாங்களே வெளியிட்டார்கள். மார்க் விலகியதும் வெய்னே மைக்கைப் பிடித்துவிட்டார். கேட்டுப் பாருங்கள், நம் ஊர் பாட்டுப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டாத குரல். 1986இல்தான் முதல் முழு ஆல்பம். 1990இல் வந்த 'இன் எ ப்ரீஸ்ட் டிரிவன் ஆம்புலன்ஸ்' ஆல்பத்தை நியூயார்க் மாநிலத்து ஃப்ரடோனியாவில் ஒரு கல்லூரி ஸ்டுடியோவில் மணிக்கு 5 டாலர் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அதே சமயத்தில் நார்மன் என்ற ஊரில் ஒரு ஹாலில் மேடையில் வாணவேடிக்கை விட்டு ஹாலையே கொளுத்தப் பார்த்தார்கள். அதை நேரில் பார்த்த வார்னர் பிரதர்ஸ் இசைக் கம்பெனி ஆள் மிரண்டு ஓடாமல் ஒப்பந்தம் போட வைத்தார்! (யாரும் புஸ்வாணம் வாங்கக் கிளம்ப வேண்டாம்.) அப்புறமும் அவர்களுடைய 'ஷி டோன்ட் யூஸ் ஜெல்லி' பாட்டு ரேடியோவில் ஓட 1994 ஆகிவிட்டது. ஆரம்பித்துப் பதினொரு வருடம்.

நான் பதினொரு மாதம்கூடத் தாங்கவில்லை. 2009இல் வேலையை விட்டேன். வளசரவாக்கத்தில் ஒரு மொட்டைமாடி ரூம், நாலு பேர், சத்தத்துக்காகச் சுவர் முழுக்க முட்டை அட்டை. அமெரிக்காவிலிருந்து வந்த மாமா பையனிடம் சொல்லிவிட்டு வாங்கிய டிலே பெடல் (கிட்டார் சத்தத்தை எதிரொலிக்க வைக்கிற பெட்டி). பதினாலு நிமிடத்துக்கு ஒரே ஒரு பாட்டு. ஒரு கல்லூரி விழாவில் வாசித்தோம். பாட்டின் உயிரே கடைசி நாலு நிமிடம் வருகிற ஃபீட்பேக்தான், அதாவது ஸ்பீக்கர் முன்னால் கிட்டாரைப் பிடித்து வேண்டுமென்றே எழுப்புகிற ஊளை. மைக் செட்காரர் ஏதோ கோளாறு என்று பதறி என் லைனை அடியோடு இறக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது, சத்தம் நின்றதற்காக. அடுத்த மாதம் டிரம்மர் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் தங்கை கல்யாணம்.

"அவங்க அமெரிக்கா, இங்க கதை வேற" என்று யாராவது வருவீர்கள். தெரியும் ஐயா. ஓக்லஹோமாவும் ஒன்றும் நியூயார்க் கிடையாது. இன்னொருவர் "கலைக்கு அர்ப்பணிப்பு வேண்டாமா" என்பார். பத்து வருடம் மீன் வறுத்துவிட்டு ராத்திரி கிட்டார் எடுப்பது அர்ப்பணிப்பு இல்லையென்றால் எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. எனக்கு அது இல்லை, சம்பளமும் இல்லை, மூன்றாவது மாத வாடகையிலேயே பாட்டு எழுதுவது நின்றுவிட்டது.

வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். காலி செய்யும்போது வீட்டுக்காரர் முட்டை அட்டை ஒட்டிய பசையைக் காட்டி நாலு சுவருக்கும் பெயின்ட் செலவைப் பிடித்தார். சரி, நியாயம். அட்டையே ஒட்டாத பாத்ரூமுக்கும் சேர்த்துப் பிடித்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. மீதி 8,000 "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்றார். போன் செய்தால் எடுப்பதில்லை. போன வருடம் அந்தப் பக்கம் போனேன். மாடியில் இன்னொரு ரூம் கட்டி அதையும் வாடகைக்கு விட்டிருக்கிறார்.