ஸ்டெதஸ்கோப் இல்லாத சுகாதார அமைச்சர்

கேள்வி: என் மகன் மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறான். "ஒரு ஊசி போட எனக்குப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். எல்லா மருத்துவமனைகளையும் ஆளும் அமைச்சருக்கு மட்டும் எதுவும் வேண்டாமா?" என்று சண்டை பிடிக்கிறான். "அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்றேன். "அப்படியென்றால் அமைச்சர் எதற்கு?" என்கிறான். துறை அனுபவம் உள்ளவர்தான் அமைச்சராகலாம் என்று சட்டமே போட்டுவிட்டால் என்ன?

பதில்: உங்கள் மகன் இரண்டாவதாகக் கேட்டாரே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அமைச்சர் எதற்கு?

இருக்கும் பணத்தைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுப்பதா, கிராமங்களுக்குச் செவிலியர்களை அனுப்பச் செலவிடுவதா? மருத்துவப் புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டும், தவறிப்போனால் மக்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அமைச்சர். நீங்கள் சொன்ன "அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது ஆபத்தான சமாதானம். அதிகாரியை யாரும் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது.

எல்லோருக்கும் அரசே மருத்துவம் பார்க்கும் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூலை 5-ல் அதைத் தொடங்கிவைத்த அமைச்சர் அனாய்ரின் பெவன், சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். மருத்துவர் சங்கமே அவரை எதிர்த்து நின்றது. ஆனால் அவருக்கு அனுபவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவருடைய ஊரான ட்ரெடீகரில் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சந்தா கட்டி நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. காசில்லாதவனுக்கு நோய் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். துறை அனுபவம் என்றால் சேவை கொடுப்பவரின் அனுபவத்தை மட்டுமே ஏன் கணக்கில் எடுக்கிறோம்? வரிசையில் நிற்பவரின் அனுபவமும் அனுபவம்தானே.

அதே சேவைக்கு 2010-ல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ லான்ஸ்லி. எதிர்க்கட்சியில் இருந்தபோதே பல ஆண்டுகள் சுகாதாரத்தை மட்டும் கவனித்தவர், நுணுக்கமெல்லாம் அத்துப்படி. அவர் கொண்டுவந்த சீர்திருத்த மசோதாவுக்கு எதிர்ப்பு வலுத்து, 2011-ல் அதை நிறுத்திவைத்து அரசு கருத்துக் கேட்க வேண்டியதாயிற்று. செவிலியர் மாநாடு அவர்மேல் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. விஷயம் தெரிந்தவர்தான், எதிரில் இருந்தவர்களைக் கூட்டிச்செல்லத்தான் முடியவில்லை.

சரி, அப்படியானால் ஒன்றும் தெரியாதவரே மேலா? அதுவும் இல்லை. 2018-ல் ஜப்பானில் இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் யோஷிதாகா சகுராடா, தாம் கம்ப்யூட்டரே பயன்படுத்துவதில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். யூஎஸ்பி பற்றிக் கேட்டதற்கும் தடுமாறினார். பதவியேற்கும் நாளில் ஒருவருக்குத் துறை தெரியாமல் இருக்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளும் ஆசையே இல்லாதவரை அங்கே வைத்திருக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த உதாரணம் மத்திய அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம். இயற்பியலும் சட்டமும் படித்தவர். எஃகுத் துறையைப் பார்த்துவிட்டு 1964-ல் உணவு, வேளாண்மைத் துறைக்கு வந்தார். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைக்கு ஒரு விஞ்ஞானியை, பி.பி.பாலை, கொண்டுவந்தார். அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமை விதையைப் பற்றி விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டார், எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்டார். அப்புறம் 1966-ல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்யும் முடிவுக்குப் பொறுப்பேற்றார். விதையைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் யார் பேச்சை நம்பலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி சட்டம். சுகாதாரத்துக்கு டாக்டர் என்று எழுதிவிடலாம். எந்த டாக்டர்? இதய அறுவை நிபுணருக்குக் குடிநீர், மருந்துக் கொள்முதல், செவிலியர் சம்பளம் எல்லாம் தெரியுமா? டாக்டர்களின் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் கோப்பு வந்தால் அவர் எந்தப் பக்கம் சாய்வார்? நிபுணர்தான் வேண்டும் என்றால் இப்போதே வழி இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டு அமைச்சராக இருக்கவே முடியாது. இந்தியாவில் வெளியாள் ஒருவர் மத்திய அமைச்சராகலாம், ஆனால் 6 மாதத்துக்குள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாக வேண்டும். பொருளாதார நிபுணரான மன்மோகன் சிங் 1991-ல் அப்படித்தான் நிதியமைச்சரானார். அவருக்குப் பின்னால் அரசியல் தெரிந்த ஒரு பிரதமர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் கோபத்தை நான் வேறு பக்கம் திருப்பிவிடுவேன். பிரிட்டனில் 2010-க்குப் பிறகு வீட்டுவசதிக்கான அமைச்சர் பதவியில் 10 பேருக்கு மேல் வந்துபோனார்கள். கோப்பு புரியத் தொடங்கும்போதே ஆளை மாற்றிவிட்டால், நோபல் பரிசு வாங்கியவரை உட்காரவைத்தும் பயனில்லை. ஆகவே அமைச்சரின் பட்டத்தை விட்டுவிட்டு, அவர் எத்தனை காலம் அந்தத் துறையில் இருக்கிறார், ஆலோசகர்களாக யாரை வைத்திருக்கிறார், "இது சரிவராது" என்று சொன்ன அதிகாரிக்கு அடுத்த மாதம் என்ன ஆனது என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். மருத்துவ மாணவர்தானே, கேஸ் ஹிஸ்டரி எடுக்கத் தெரிந்திருக்கும்.