பேனாவோடு வந்தவர்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினைந்து வயது. கூடைப்பந்து ஆடுகிறான். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆன்டுவான் வாக்கரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 10.8 கோடி டாலர் சம்பாதித்தவர், அங்கே கடைசி ஆட்டம் ஆடி இரண்டு வருடத்தில் திவால். இப்படியும் ஒரு மூடன் உண்டா? அதே என்பிஏவில் முன்பு ஆடிய ஜூனியர் பிரிட்ஜ்மேன், தான் ஆடிய காலத்தில் வருடத்துக்கு 3.5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியதில்லை. அவர் நூறு கோடி டாலருக்கும் அதிகமான சொத்தோடு இறந்தார். ஓய்வுபெற்ற என்பிஏ வீரர்களில் 60 சதவீதம் பேர் ஐந்து வருடத்தில் ஓட்டாண்டி ஆகிறார்களாம். படிப்பு இல்லாததுதானே காரணம்? பையனை அனுப்பவா, வேண்டாமா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

‘மூடன்’ என்ற சொல்லைத் தாண்டி உங்கள் கடிதத்தை உடனே படிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் என் அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். அடியில் அவருடைய சம்பளச் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. அப்பா பள்ளி ஆசிரியர். கூட வேலை பார்த்த ஒருவர் சங்கத்தில் கடன் வாங்கினார், அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் ஒரு நாள் ஊரில் இல்லை. அதன்பிறகு ஏழு வருடம் மாதாமாதம் அப்பாவின் சம்பளத்தில் பணம் போனது. வீட்டில் யாரும் அதைக் கடன் என்று சொல்லமாட்டார்கள். ‘பிடித்தம்’ என்பார்கள். பிடித்தம் போக வந்த பணத்தை அம்மா மடியில் வைத்து எண்ணி, மளிகைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று பிரித்து முடிந்துவைப்பாள். ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று வளர்ந்தபிறகு கேட்டேன். “பேனாவைக் கையோட கொண்டு வந்திருந்தான்டா. மூஞ்சியைப் பார்த்து எப்படி மாட்டேன்னு சொல்றது?” என்றார்.

அப்பா பட்டம் பெற்றவர், கணக்கு வாத்தியார். ஆகவே படிப்பைப் பற்றிய உங்கள் கேள்வியை இதோடு விட்டுவிடலாம். அந்த 60 சதவீதம் 2009இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் எழுதிய ஒரு மதிப்பீடு. அதை வைத்து ஒரு பையனின் வாழ்க்கையை முடிவுசெய்யாதீர்கள்.

வாக்கரிடம் வருகிறேன். அவர் கார்கள் வாங்கினார், அம்மாவுக்குப் பெரிய வீடு கட்டினார், கூட்டமாக நண்பர்களையும் உறவினரையும் தாங்கினார். சூதாடினார். லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளுக்கு எழுதிய காசோலைகள் திரும்பி 2009இல் கைதானார். இதில் எதையும் நான் மூடிமறைக்கவில்லை. எல்லோரும் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அவரைச் சாய்த்ததாக அவரே திரும்பத் திரும்பச் சொல்வது வேறொன்றை. சொந்த ஊரான சிகாகோவில் கட்டடங்கள் வாங்க ஒரு நிறுவனம் தொடங்கினார். அதன் கடன்களுக்குத் தன் பெயரில் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தார்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்காவில் பொறுப்பு வரையறுக்கப்பட்ட (லிமிடெட்) நிறுவனம் ஒன்று நொடித்தால் கடன் நிறுவனத்தோடு போகும், முதலாளியின் வீட்டுக்கு வராது. சட்டம் அந்தச் சுவரைக் கட்டி வைத்திருக்கிறது. வங்கிக்கும் அது தெரியும். அதனால் சின்ன நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும்போது, ‘இது திரும்பாவிட்டால் நான் தருகிறேன்’ என்று காசுள்ள ஆளிடம் தனியாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு கையெழுத்தில் சுவர் இடிந்துவிடுகிறது. 2008இல் வீட்டுச் சந்தை சரிந்தது. கட்டடங்களின் விலை விழுந்தது, கடனின் அளவு அப்படியே நின்றது. கடன் கொடுத்தவர்கள் நேராக வாக்கரிடம் வந்தார்கள். 2010 மே மாதம் நீதிமன்றத்தில் அவர் காட்டிய கணக்கு: சொத்து 43 லட்சம் டாலர், கடன் 1.27 கோடி டாலர்.

நம் ஊரிலும் இதே கதைதான். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வா என்று சொல்ல முடியாது. அப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்” என்று மட்டும் சொன்னார்கள். அந்த வார்த்தையை இன்று யார் சொன்னாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நீங்கள் யாருக்காவது அப்படிப் போட்டிருக்கிறீர்களா? மைத்துனர் தறி போட, நண்பர் வண்டி எடுக்க? போட்டிருந்தால் இன்றைக்கே அந்தக் காகிதத்தின் நகலை வாங்கி ஒரு வரி விடாமல் படியுங்கள்.

பிரிட்ஜ்மேன் பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. வென்டீஸ் உணவகத்தில் தானே நின்று வேலை கற்றவர். பிறகு அப்படி 160க்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். பணம் போட்ட இடத்தை அவர் கையால் தொட்டுப் பார்த்திருந்தார். வாக்கரோ ஊர் ஊராக ஆடிக்கொண்டே எங்கோ இருந்த கட்டடங்களுக்குக் கையெழுத்திட்டார். ஆனால் ஒருவரை அடிக்க இன்னொருவரைக் கம்பாக எடுக்காதீர்கள். திவாலுக்குப் பிறகு, மயாமி ஹீட் அணியோடு 2006இல் வென்ற சாம்பியன் மோதிரமும் வாக்கரின் கையைவிட்டுப் போனது. மூன்று முறை என்பிஏவின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர், 34 வயதில் ஐடஹோவில் கீழ்நிலை லீக் ஒன்றில் சிறுபயல்களோடு போய் ஆடினார். பிறகு இளம் வீரர்கள் முன்னால் நின்று தன் கணக்கைத் தானே சொன்னார். அந்தத் தைரியம் கடைசிவரை என் அப்பாவுக்கு வரவில்லை.

வாக்கரின் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆறடி எட்டு, ஒன்பது அங்குல உயரம். அந்த உடம்போடு பந்தைத் தட்டிக்கொண்டே வந்து தூரத்திலிருந்து எறிவார். அங்கிருந்து விழுந்தால் மூன்று புள்ளி. ஏன் இத்தனை மூன்று புள்ளி எறிகிறீர்கள் என்று கேட்டதற்கு, நான்கு புள்ளி இல்லையே என்றார். 2002 மே மாதம் நியூ ஜெர்ஸி நெட்ஸுக்கு எதிராக, கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது அவர் அப்போது ஆடிய செல்டிக்ஸ் அணி 21 புள்ளி பின்னால். சக வீரர்களைக் கூட்டிவைத்து அவர் போட்ட சத்தம் இன்றும் பேசப்படுகிறது. அந்த ஆட்டத்தை வென்றார்கள். மகனோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள்.

பையனை விடுதிக்கு அனுப்புங்கள். இத்தனை எழுதியிருக்கிறீர்கள், அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று எழுதவில்லையே. கார்டா, ஃபார்வர்டா? இடது கை வருமா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்