துருக்கி மொழியில் செயப்பாட்டு வினை எப்படி வேலை செய்கிறது?

தமிழில் 'எழுத' என்பதோடு 'படு' என்ற இன்னொரு வினையைச் சேர்த்து 'எழுதப்படு' என்கிறோம். துருக்கியில் அப்படித் துணைவினை எதுவும் வேண்டாம், வேருக்குப் பின்னால் ஒரு விகுதி, அவ்வளவுதான். யஸ்மக் என்றால் எழுதுவது, யஸில்மக் என்றால் எழுதப்படுவது. எந்த விகுதி என்பதை வேரின் கடைசி ஒலி முடிவு செய்யும்: பொதுவாக 'இல்', வேர் உயிரில் முடிந்தால் வெறும் 'ன்' (ஒகுமக், படிப்பது, ஒகுன்மக், படிக்கப்படுவது), வேரே 'ல்' என்று முடிந்தால் 'இன்' (பில்மெக், அறிவது, பிலின்மெக், அறியப்படுவது). இந்த இகரமும் நிலையானதல்ல. வேரிலுள்ள உயிருக்கு ஏற்ப நான்கு விதமாக மாறும், தமிழ் எழுத்தில் நான்கையும் பிரித்துக் காட்ட முடியாது. கேட்பது சொர்மக், கேட்கப்படுவது சொருல்மக் என்பதைப் பார்த்தால் போக்கு புரியும்.

செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் 'தரஃபிந்தன்' வரும். நம் 'தரப்பு' வந்ததும் அதே அரபுச் சொல்லிலிருந்துதான், ஆகவே 'அரசுத் தரப்பிலிருந்து' என்பது போலவே இருக்கும். ஆனால் இது செய்தித்தாள், அரசாணை நடை. பேச்சில் யார் செய்தது என்று சொல்ல வேண்டியிருந்தால் நேராகச் செய்வினையிலேயே சொல்லிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தமிழில் 'போகப்படும்' என்று சொல்ல முடியாது இல்லையா, துருக்கியில் தாராளமாகச் சொல்லலாம். செயப்படுபொருளே இல்லாத வினைகளுக்கும் இந்த விகுதி ஒட்டும், அப்போது 'யாராக இருந்தாலும்' என்ற பொருள் வந்துவிடும். இஸ்தான்புல்லில் வழி கேட்பவர் "தக்சிமே நசில் கிதிலிர்?" என்பார், நாம் "தக்சிமுக்கு எப்படிப் போறது?" என்று ஆளைக் குறிப்பிடாமல் கேட்பதுபோல. நுழையக் கூடாத தெருவில் இருக்கும் 'கிரில்மெஸ்' பலகையும் இதே வகை, யாரும் இங்கே நுழைவதில்லை என்று பொருள். கட்டளையே இல்லை, ஆனால் தடை!

ஒரு சிக்கல்: 'ன்' விகுதி ஒருவர் தனக்குத்தானே செய்துகொள்ளும் வினைக்கும் வரும். யிகன்மக் என்றால் துணி துவைக்கப்படுவதும் ஆகும், ஆள் குளிப்பதும் ஆகும். எழுவாயைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அப்புறம் விகுதிகளின் வரிசை. யப்-திர்-இல்-மா-தி: செய், பிறவினை, செயப்பாடு, எதிர்மறை, இறந்தகாலம். 'செய்விக்கப்படவில்லை' என்பதைப் பிரித்துப் பாருங்கள், எதிர்மறை வரைக்கும் அதே வரிசை.